முதல் வாய் மீன்

அந்த வீட்டில் அடுப்படி அவருடையது. கல்யாணமான புதிதிலேயே அது பேச்சில்லாமல் தீர்மானமாகிவிட்டது. அவள் லிஃப்ட் பழுது பார்ப்பவள். எந்தக் கட்டடத்தில் எவர் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டும். வீடு திரும்பும் நேரம் அவள் கையில் இல்லை. அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஷட்டரை இறக்கினால் முடிந்தது. வருகிற வழியில் சந்தைக்குள் நுழைந்து, எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் வம்பளந்து, பையை நிரப்பிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பார். அவள் வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே உள்ளிருந்து பேச்சு ஆரம்பித்துவிடும். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டே அது தொலைந்துபோனதென்று கடையில் வந்து அழுதவரின் கதை, கிட்டப்பார்வையை ஒப்புக்கொள்ள மறுத்துச் சுவரிலிருந்த எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்த பெண்ணின் கதை. அவர் சமைத்தது பாதி, பேசியது மீதி.

அந்தத் தொண்டைக்குத்தான் கேடு வந்தது. முதலில் கரகரப்பு, பிறகு வலி, பிறகு கட்டி. அறுவைச் சிகிச்சை செய்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி போய்விட்டது என்று மருத்துவர் சொன்ன அன்று அவள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆனால் கட்டியோடு இன்னும் சிலதும் போயிருந்தன. குரல் போயிருந்தது. அது திரும்ப வரும், அதுவரை முக்கிப் பேசக் கூடாது என்றார்கள். எச்சில் ஊறுவது போயிருந்தது. விழுங்குவது என்ற, பிறந்த குழந்தைக்கும் தெரிந்த காரியம், அவருக்கு மறந்துபோயிருந்தது.

உணவுக்காக மூக்கு வழியே விட்டிருந்த குழாயை எடுத்த கொஞ்ச நாளில் அவர் குடித்த தண்ணீர் தடம் மாறி மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. நுரையீரலில் சளி கட்டித் திரும்பவும் ஆஸ்பத்திரி. மூச்சுக்காக அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு போராடியதைக் கூட நின்று பார்த்தவள் அவள். அதிலிருந்து அவர் உதட்டருகே ஒரு கரண்டி போனாலே அவள் கண் அவர் தொண்டையை விட்டு நகராது.

வீட்டுக்கு வந்த பிறகு சூப் காலம் தொடங்கியது. சூப் கொண்டுவந்தது அவருடைய தங்கை. இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்தாள். அண்ணன் என்றால் உயிர். அண்ணிக்குச் சமையல் வராது என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. தினமும் சாயங்காலம் தூக்குச்சட்டியோடு வந்து இறங்குவாள்.

"அண்ணி, நீங்க சிரமப்படாதீங்க. நான் வடிகட்டியே கொண்டு வந்துட்டேன். உங்களுக்கு வேலையே தலைக்கு மேல கிடக்கு."

பாசமாகத்தான் சொல்வாள். ஆனால் 'வடிகட்டியே' என்ற சொல்லில் ஓர் ஊசி இருக்கும். அண்ணன் கிண்ணத்தைக் காலி செய்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். தங்கைக்கு முகம் பூரித்துப்போகும். அண்ணி கிண்ணத்தைக் கழுவுவாள். கழுவும் மேடை அருகிலேயே நின்றபடி ரொட்டியைத் தண்ணீர்விட்டு விழுங்குவதுதான் அப்போதெல்லாம் அவளுடைய சாப்பாடு. மெல்ல முடியாத மனிதர் முன்னால் உட்கார்ந்து எதையும் மெல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பேச முடியாதவர் எழுதிக் காட்டலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். எழுதிக் காட்டவும் செய்தார். அவருடைய கையெழுத்தை அவராலேயே திரும்பப் படிக்க முடியாது. ஒருநாள் 'மிளகு' என்று எழுதியதை 'மெழுகு' என்று படித்து அவள் கடைக்குப் போய் மெழுகுவர்த்தி வாங்கிவந்துவிட்டாள். அதோடு அந்த ஏற்பாடு முடிந்தது. பிறகு ஒரு எவர்சில்வர் கரண்டிதான் அவருடைய குரல். மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் சரி. விடாமல் தட்டினால் நிறுத்து. மற்றதெல்லாம் புருவமும் கையும் பார்த்துக்கொள்ளும்.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்துபோய்க்கொண்டிருந்தாள். முகவாயை நெஞ்சோடு சேர்த்து விழுங்கச் சொல்வாள், விழுங்கியதும் இன்னொரு முறை வெறுமனே விழுங்கச் சொல்வாள், தொண்டையில் காதை வைக்காத குறையாகக் கேட்பாள். ஒரு காலை, எல்லாம் பார்த்து முடித்துப் பையை மூடியவள், "நல்லா முன்னேறியிருக்கீங்க சார். இனிமே மெத்துன்னு இருக்கிற சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிக்கலாம். முதல்ல மீன் குடுத்துப் பாருங்க" என்றாள்.

மீன் என்ற சொல்லுக்கு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வலது கையை வைத்து அழுத்தி, சட்டென்று புரட்டிக் காட்டினார்.

"என்ன சொல்றாரு?" என்று பயிற்சிப் பெண் கேட்டாள்.

"வாணலியில போட்டு வாட்டி எடுக்கணுமாம்" என்றாள் அவள். அவருக்கு மிகவும் பிடித்த சமையல் அது.

"வாட்டுங்க, தப்பில்ல. ஆனா மொறுமொறுன்னு இருக்கிற பாகம் இவருக்கு இப்ப ஆகாது. உள் சதை மட்டும் குடுங்க. எச்சில் இல்லாததால வறட்சியா இருந்தா தொண்டையிலேயே நின்னுடும். கெட்டியா ஒரு சாஸ் கட்டாயம் வேணும். எலுமிச்சை, மிளகாய் ரெண்டும் வேணாம், எரியும். அப்புறம் முள்ளு..." அவள் விரலை ஆட்டினாள். "ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"இருமல் வந்தா?"

"வரட்டும். இருமல் நல்லதுதான். தப்பான பாதையில போறதை உடம்பு வெளிய தள்ளுது. முதுகுல மட்டும் அடிச்சிடாதீங்க. முன்னால சாய்ஞ்சு அவரே இருமட்டும்."

அவள் தலையாட்டினாள்.

அன்றைக்கு விடுப்பு சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள். அவர் வழக்கமாக வாங்கும் மீன்கடைக்காரி அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடிக்காரர் வீட்டம்மா என்று சொன்னதும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவரா! என்னாச்சு அவருக்கு? வந்தா என் வாயைப் பிடுங்காம போகமாட்டாரே. நான் என்ன திட்டினேன்னு கோவிச்சுக்கிட்டாரோன்னு இருந்தேன்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். மீன்கடைக்காரி ஐஸுக்கு அடியில் கையை விட்டு ஒரு கொடுவா மீனை எடுத்தாள். கண் பளபளவென்றிருந்தது. முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை ஓட்டி, தோலோடு இரண்டு பக்கமும் சதையைப் பிரித்துக் கொடுத்தாள். தலையையும் எலும்பையும் தனியே கட்டினாள். "இதைக் கொதிக்க வெச்சு அந்தத் தண்ணியில சாஸ் பண்ணு தாயி. வெறும் தண்ணியில பண்ணினா வெறும் தண்ணியாத்தான் இருக்கும்."

வழியில் நாத்தனார் போன் செய்தாள். சூப்பில் இன்று என்ன போடட்டும் என்று கேட்டாள். இன்றைக்கு வேண்டாம், மீன் செய்கிறேன் என்றதும் எதிர்முனையில் தையல் மிஷின் நின்றது.

"மீனா? அண்ணி, விளையாடுறீங்களா? முள்ளு மாட்டினா என்ன பண்ணுவீங்க?"

"முள்ளை எடுத்துடுவேன்."

"எல்லாத்தையும் எடுக்க முடியுமா? மறுபடியும் அந்த மாதிரி ஆச்சுன்னா..."

"ஆகாது" என்று சொல்லிவிட்டு வைத்தாள். தைரியத்தில் வந்த பதில் அல்ல. இன்னும் ஒரு நிமிடம் பேசினால் மீனைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

அடுப்பின் புகையும் ஆவியும் அவர் தொண்டைக்கு ஆகாது. அதனால் சாப்பாட்டு மேசையைச் சன்னலோரம் இழுத்துப்போட்டு அவரை அங்கே உட்காரவைத்தாள். அங்கிருந்து அடுப்பு நேராகத் தெரியும். அவர் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, மேளம் வாசிக்கப் போகிறவர் போலச் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"ரொம்பத் தட்டினா கரண்டியைப் பிடுங்கிடுவேன்" என்றாள்.

ஒரு தட்டு.

காய்களை அவரே நறுக்கினார். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைக்குத் தடை இல்லை. உருளைக்கிழங்கைத் தோல் சீவினார், காரட்டை வட்டமாக அரிந்தார். பீன்ஸை எடுத்தபோது அவள் தடுத்தாள். "அது எதுக்கு? நார் உங்களுக்கு ஆகாதே." அவர் கேட்காத மாதிரி நறுக்கிக்கொண்டே போனார்.

மீன் எலும்பு ஒரு பக்கம் கொதித்தது. உருளைக்கிழங்கும் காரட்டும் இன்னொரு பக்கம் வெந்தன. அவள் முள் எடுக்க உட்கார்ந்தாள். இதில் மட்டும் அவளுக்குத் தயக்கம் இல்லை. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் மீனை வளைத்துப் போட்டாள். வளைவில் சதை விரிந்து முட்கள் தலை நீட்டின. வேலைப் பையிலிருந்து இன்னும் பிரிக்காத, முனை ஒடுங்கிய புது மூக்குக் குறடு ஒன்றை எடுத்துக் கொதிநீரில் போட்டுவைத்திருந்தாள். அதால் ஒவ்வொன்றாகப் பிடித்து, அது இருந்த சாய்விலேயே இழுத்து எடுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். இன்னொன்று அகப்பட்டது. மறுபடியும் தடவினாள். கையுறை போட்ட கையால் கேபிளில் அறுந்த இழையைக் கண்டுபிடிக்கிறவள் அவள். வெறும் விரலுக்கு முள் எம்மாத்திரம். நிமிர்ந்து பார்த்தால் அவர் இரண்டு புருவத்தையும் நெற்றிக்கு ஏற்றிவைத்திருந்தார்.

"என்ன, இன்னும் பெரிய குறடு எடுத்துட்டு வரணுமா?" என்று கேட்டாள். அவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. ஆவியில் வேகவைத்துவிடலாம், அதுதான் ஆபத்தில்லாதது என்று அவள் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவர் இரும்பு வாணலியைக் காட்டினார். தோலை உரித்துவிட்டாவது போடுகிறேன் என்றாள். கரண்டி விடாமல் தட்டியது. தோல் அப்படியே இருக்க வேண்டும், நன்றாகச் சிவக்க வேண்டும், மொறுமொறுக்க வேண்டும் என்று கையாலும் முகத்தாலும் ஒரு நாடகமே நடத்தினார்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிட்டுப் போச்சு? மொறுமொறுப்பு ஆகாதுன்னு சொல்லிச்சா இல்லையா?"

ஒரு தட்டு.

"அப்புறம் என்னத்துக்கு அடம்?"

கரண்டி தோலைக் காட்டியது. வாணலியைக் காட்டியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியிடம் கத்தக் கூடாது என்று இத்தனை காலம் அடக்கிவைத்திருந்ததெல்லாம் தொண்டைவரை வந்தது. "செத்துப் பிழைச்சு வந்தும் ருசி விடுதா பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே வாணலியை அடுப்பில் வைத்தாள்.

மீனைத் துண்டுகளாக வெட்டி, ஈரம் போகத் துணியால் ஒற்றினாள். உப்புத் தடவினாள். எண்ணெய் சூடேறியதும் முதல் துண்டைத் தோல் கீழே இருக்கும்படி போட்டாள். சட்டென்று பொரிந்தது. அவள் பயந்து, கருகிவிடுமோ என்று உடனே தட்டைக் கரண்டியை அடியில் கொடுத்தாள். மீன் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவருடைய கரண்டி விடாமல் தட்டும் சத்தம் பின்னால் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. பலமாக ஒரு இழுப்பு. தோல் வாணலியிலேயே தங்கிவிட்டது. சதை இரண்டாகப் பிய்ந்து வந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள். பிய்ந்த மீனைத் தட்டில் கொட்டினாள். வாணலியைச் சுரண்டத் தொடங்கியவளுக்குக் கண் மறைத்தது.

"எனக்கு வராதுங்க. உங்க தங்கச்சி சொல்றது சரிதான். எனக்கு இதெல்லாம் வராது."

நாற்காலி நகரும் ஓசை கேட்டது. திரும்பினால், அவர் தோளில் கிடந்த துண்டை மூக்கோடு வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார்.

"நீங்க ஏன் வந்தீங்க? புகை ஆகாது. போய் உக்காருங்க."

அவர் போகவில்லை. சுத்தமான வேறொரு வாணலியை அடுப்பில் ஏற்றினார். எண்ணெய் விட்டு, சூடேறும்வரை பொறுத்து, அடுத்த துண்டைப் போடும்படி சைகை காட்டினார். அவள் போட்டாள். உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தும்படி காட்டினார். அழுத்தினாள். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மீன் பொரிந்தது. ஓரத்தில் எண்ணெய் நுரைத்தது. அவள் கை தானாகத் துடித்தது. அவர் பிடியை விடவில்லை. இளைத்துப்போன கை. எலும்பெல்லாம் தெரிந்தது. ஆனாலும் பிடி பிடிதான். சிக்கிக்கொண்ட லிஃப்ட் கதவை நெம்பாதீர்கள், பூட்டு விடுபட்டால் அது தானே நகரும் என்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் அவளே எத்தனை முறை கத்தியிருப்பாள். நெம்புகிறவர்கள் எல்லாம் பயத்தில்தான் நெம்புகிறார்கள் என்பது இப்போது உறைத்தது. சதையின் ஓரம் கீழிருந்து மேலாக வெளுத்துக்கொண்டே வந்தது. பொரியும் சத்தம் மெல்ல இறங்கியது. அவர் வாணலியை லேசாக ஆட்டினார். மீன் வழுக்கி நகர்ந்தது.

மணிக்கட்டை விட்டார்.

அவள் திருப்பினாள். தோல் முழுசாக, சுருங்காமல், பொன்னிறத்தில் பளபளத்தது.

"அடேயப்பா" என்றாள். தானே செய்தது என்ற நினைப்பே இல்லாமல்.

அவருக்கு மூச்சு வாங்கியது. திரும்ப நாற்காலிக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தாள். மீதித் துண்டையும் அப்படியே வாட்டினாள், பிய்ந்ததையும் வேகவைத்து எடுத்தாள். மற்ற வேலை சுருக்காக ஆனது. அதே வாணலியில் வெண்ணெய் போட்டு, நசுக்கிய பூண்டைச் சிவக்காமல் வதக்கினாள். ஒரு கரண்டி மாவைத் தூவிக் கிளறி, மீன் எலும்பு வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கட்டி தட்டியது. கரண்டி தட்டுவதற்கு முன்னாலேயே அவள் வேகமாகக் கிளறிக் கட்டியை உடைத்துவிட்டாள். கடைசியில் பாலேட்டைக் கலந்து, பொடியாக அரிந்த கொத்தமல்லியைப் போட்டாள். கரண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு சாஸ் மெதுவாக வழிந்தது. உருளைக்கிழங்கைப் பாலும் வெண்ணெயும் விட்டு மசித்தாள். காரட்டை விரலால் நசுக்கிப் பார்த்தாள். பீன்ஸை எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தாள்.

சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வை என்று காட்டினார். வைத்தாள். எதிரே உட்காரு என்று காட்டினார். உட்கார்ந்தாள். அவர் தன் தட்டிலிருந்த மீனின் தோலைக் கத்தி முனையால் ஓர் ஓரத்தில் தூக்கினார். தாள் உரிவதுபோல முழுத் தோலும் வந்தது. அதை எடுத்து அவள் தட்டில், அவளுடைய மீன்மேல் வைத்தார். பீன்ஸ் முழுவதையும் அவள் பக்கம் தள்ளினார். சாப்பிடு என்று தலையை ஆட்டினார்.

அவள் அந்தத் தோலைப் பார்த்தாள். "இதுக்கா அவ்வளவு ரகளை பண்ணினீங்க?" என்றாள்.

அவர் கழுவும் மேடையைக் காட்டினார். நின்றுகொண்டே ரொட்டியைக் கடிப்பதுபோல நடித்தார். முகத்தை அஷ்டகோணலாக்கினார். அவள் நினைத்திருந்தாள், கட்டிலிலிருந்து பார்த்தால் அது தெரியாதென்று.

"சரி, சரி. முதல்ல நீங்க" என்றாள்.

அவர் மீனைக் கரண்டியால் தொட்டார். இதழ் இதழாகப் பிரிந்தது. சின்னதாக ஒன்றை எடுத்துச் சாஸில் முழுக்க நனைத்து வாயில் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். முகவாயை நெஞ்சோடு சேர்த்தார். தொண்டைமுடிச்சு ஏறியது. அவள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

முடிச்சு இறங்கியது. உடனே இருமல் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தூக்குச்சட்டியோடு நாத்தனார்.

"ஐயோ அண்ணா!" தூக்குச்சட்டியைப் பாதி வழியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "நான் சொன்னேனே! தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" அண்ணனின் முதுகில் அறையக் கையை ஓங்கினாள். அண்ணி எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காத."

"விடுங்க அண்ணி, மூச்சு நின்னுடப் போகுது!"

"இருமுறாரு, மூச்சு நல்லா இருக்கு. விடு, அவரே இருமட்டும்."

தன் குரலா அது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் முன்னால் சாய்ந்து இருமினார். முகம் சிவந்தது. இன்னும் ஒருமுறை இருமினார். பிறகு விரலை உயர்த்தி, பொறு என்பதுபோலக் காட்டி, முகவாயைத் தாழ்த்தி வெறுமனே விழுங்கினார். நீளமாக மூச்சை உள்ளே இழுத்தார். அந்த மூச்சில் களகளப்பு இல்லை, சுத்தமாக இருந்தது.

இரண்டு பெண்களும் அப்படியே கையைப் பிடித்தபடி நின்றார்கள். அவர் இரண்டாவது வாய் எடுத்தார். இறங்கியது. மூன்றாவதும் இறங்கியது. இருமல் இல்லை.

நாத்தனார் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கணவரைப் பார்த்துச் சிரிக்கப் போன மனைவி நின்றாள். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. நான்காவது வாயை வைத்துக்கொண்டு எதையோ தேடுகிறவர்போல உட்கார்ந்திருந்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன? வலிக்குதா?"

இல்லை.

"உப்பு இல்லையா? நல்லா இல்லையா?"

அவர் நாக்கைத் தொட்டுக் காட்டினார். கைகளை விரித்தார். ஒன்றுமே இல்லை.

ருசி தெரியவில்லை. கதிர்வீச்சில் நாக்கின் ருசி போய்விடும், திரும்பி வரக் காலம் பிடிக்கும் என்று மருத்துவர் எப்போதோ சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. மூச்சும் விழுங்குவதுமே பெரிய கவலையாக இருந்ததில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. மீனுக்காவது நாக்கு விழித்துக்கொள்ளும் என்று அவர் தனியே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இரு அண்ணா" என்றாள் தங்கை. ஏதோ உறைத்திருந்தது. "அப்ப என் சூப்பு? இத்தனை நாளும் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினியே?"

அவர் திருட்டுத்தனம் பிடிபட்டவர்போலச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடப்பாவி! வெந்நீரைக் கொண்டு வந்திருந்தாலும் அதையேதான் காட்டியிருப்பே!"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாத்தனார் முறைத்தாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடிந்ததும் மூவருக்குமே என்ன செய்வதென்று தெரியவில்லை. மீன் ஆறிக்கொண்டிருந்தது.

அவர் கரண்டியால் மனைவியின் தட்டைத் தட்டினார். அவள் வாயைக் காட்டினார். பிறகு விரல்களைக் குவித்து, அலகுபோலத் திறந்து திறந்து மூடினார். நீ சாப்பிட்டுச் சொல்.

"எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராதுங்க."

கரண்டி விடாமல் தட்டியது.

அவள் மீனைத் தோலோடு வெட்டி வாயில் வைத்தாள். கறுமுறுவென்று சத்தம் கேட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிற முதல் வாய். கண்ணை மூடிக்கொண்டாள். "தோல்... நல்லா மொறுமொறுன்னு இருக்கு. கொஞ்சம் உப்பு. அது நொறுங்கினதும் உள்ள மீன் மெத்துன்னு, இனிப்பு மாதிரி. சாஸ் அப்படியே வழுக்கிக்கிட்டுப் போகுது. கிரீஸ் தடவின தண்டவாளத்துல லிஃப்ட் இறங்குற மாதிரி."

"கிரீஸா?" நாத்தனார் காதைப் பொத்தினாள். "சாப்பாட்டைப் பத்திப் பேசுற பேச்சா இது? தள்ளுங்க அண்ணி." பிய்ந்துபோன முதல் துண்டை இழுத்து, சாஸை ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் எடுத்தாள். "வெல்வெட்டு" என்றாள். "வெல்வெட்டு துணியைத் தடவுற மாதிரி இருக்குண்ணா. வெண்ணெய் வாசனை முன்னால வருது. பூண்டு பின்னால மெதுவா வருது."

"பூண்டுதான் முன்னால" என்றாள் அவள்.

"வெண்ணெய்தான் அண்ணி."

"போட்டது நான். எனக்குத் தெரியாதா?"

"போட்டா ஆச்சா? தின்னுட்டுச் சொல்லுங்க!"

அவர் வாயில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இருவர் சண்டையையும் கேட்டபடி மென்றார். வெண்ணெய் என்றபோது தலையாட்டினார். உருளைக்கிழங்கு எப்படி என்று காட்டினார். சொன்னார்கள். காரட் எப்படி என்றார். அதற்கும் சண்டை வந்தது. பீன்ஸ் கொஞ்சம் வேகவில்லை என்று நாத்தனார் சொன்னபோது அவர் கரண்டியால் பலமாக ஒரு தட்டுத் தட்டினார். அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. தட்டிலிருந்த சதையெல்லாம் காலியாக வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு வாயும் இறங்கியது. நாத்தனார் போகும்போது சூப்பை எடுத்துக்கொண்டாள். பாதி சிந்திப்போயிருந்தது. "நாளைக்கு நான் மீன் வாங்கிட்டு வரேன். முள்ளை மட்டும் நீங்க எடுத்துக் குடுங்க, அண்ணி" என்றாள்.

ருசி ஒரேயடியாகத் திரும்பவில்லை. முதலில் வந்தது இனிப்பு. ஒரு சாயங்காலம் காரட்டை மென்றுகொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். உப்பு அதற்குப் பிறகு வந்தது. குரலும் மெல்லிசாக, உடைந்து உடைந்து வந்தது. பழைய குரல் அல்ல. ஆனால் கதை சொல்லப் போதுமானது. கடைக்கு அரைநாள் போகத் தொடங்கினார். அடுப்படியை மெதுவாகத் திரும்பப் பிடித்துக்கொண்டார். முள் எடுக்கும் வேலையை மட்டும் அவளிடமே விட்டுவிட்டார்.

அவளுக்குத்தான் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு மதியம் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்கு வெளியே, கூட வேலை செய்யும் பையனோடு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் எடுத்து மென்றதும், "உருளைக்கிழங்கு இன்னைக்குக் கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கு. ஆனா வெண்ணெய் நல்லா ஏறியிருக்கு" என்று சத்தமாகச் சொன்னாள்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "யார்கிட்ட அக்கா, என்கிட்டயா சொல்றீங்க?"

"ஆமா" என்றாள் அவள். "நீ என்ன கொண்டு வந்தே? எப்படி இருக்கு, சொல்லு."